மணல் முதல் திரை வரை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கற்பித்தற் கருவிகள் கடந்த வழி

கல்வியின் வரலாறு பெரும்பாலும் மன்னர்களின் கொடையாகவோ, அரசுகளின் ஆணையாகவோ, சான்றோர்களின் வாழ்க்கையாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவன் எதன்மேல் எழுதினான், எதைக்கொண்டு எழுதினான், எழுதியதை எவ்வாறு காத்துக்கொண்டான் என்னும் வினாக்களை அவ்வரலாறுகள் அரிதாகவே எழுப்புகின்றன. ஆயினும், ஒரு காலத்துக் கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டாமற் போயிற்று என்பதை அறிய விரும்புவோர்க்கு, அக்காலத்துக் கற்பித்தற் கருவிகளே தெளிவான சான்றுகளாக அமைகின்றன.

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் பெருவழியில், பெரம்பலூருக்கு வடக்கே, ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் இக்கோட்டையை ஒட்டியே, 1751ஆம் ஆண்டில், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாகப் பொருத வாலிகண்டாபுரப் போர் நிகழ்ந்தது. கல்லால் ஆனமையின் கோட்டை நிலைத்தது. போரும் ஏடுகளில் இடம்பெற்றது. அதே காலத்தில், அதே வழியோரத்து ஊர்களின் திண்ணைகளில் அமர்ந்து சிறுவர்கள் மணலில் எழுதிய எழுத்துகளோ ஒவ்வொரு மாலையும் அழிந்தன. இவ்வட்டாரத்தின் நெடிய வரலாறு அம்மணலிலும் இருக்கிறது என்பதை நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று பள்ளிகளில் தொழில்நுட்பம் என்னும் சொல் கணிப்பொறியையும் கைப்பேசியையும் மட்டுமே குறிப்பதாக வழங்குகிறது. மணலும் ஏடும் எழுத்தாணியும் அவ்வக்காலத்துத் தொழில்நுட்பங்களே. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கருவி மாணவனின் கைக்கு வந்தபோதெல்லாம் கல்வி விரிந்தது. ஆசிரியரின் குரல் அக்கருவியை விட்டு விலகியபோதெல்லாம் கல்வி மெலிந்தது. இவ்விரண்டையும் பின்வரும் செய்திகள் விளக்கும்.

மணலும் சட்டாம்பிள்ளையும்

திண்ணைப் பள்ளியில் சேர்ந்த சிறுவன் முதலில் தொட்டது மணலையே. ஆசிரியர் எழுதிக் காட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டி, வாயால் அதன் ஒலியைச் சொல்லி, அவன் எழுத்தறிந்தான். விரலும் செவியும் நாவும் ஒருங்கே தொழிற்படும் முறை இது. காகிதம் வேண்டா, மையும் வேண்டா, பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். ஏழை எளியோரின் ஊர்களிலும் பள்ளி நடைபெற இச்செலவின்மையே வழிசெய்தது எனலாம்.

இம்மணலின் ஆற்றலை முதலில் வியந்தவர்கள் அயல்நாட்டார். 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, உள்ளூர்ப் பள்ளியாசிரியர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1789 முதல் சென்னை எழும்பூர் ஆண் அனாதையர் பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மேல்நிலையில் உள்ள மாணவன் கீழ்நிலையில் உள்ளோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தெடுத்தார். 1797ஆம் ஆண்டில் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை 'மதராசு முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குள் நுழைந்தது. நம் திண்ணைகளில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்டவனுக்கு அந்நாட்டுக் கல்வி வரலாற்றில் கிடைத்த இடம் சிறிதன்று.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டில் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்புக்கு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் பயின்றனர். இக்கணக்கெடுப்பின்போது அறிக்கை அனுப்பிய பெல்லாரி ஆட்சியர் கேம்பெல், மணலில் எழுதும் சிக்கனத்தையும் மாணவர் மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் பாராட்டினார். அதே அறிக்கையில், பொருளறியாது ஒப்பிக்கும் வழக்கத்தைக் குறையாகவும் சுட்டினார். பாராட்டும் குறையும் இரண்டும் உண்மையே.

ஆயினும் அவ்வெண்களுக்குள் மற்றோர் எண் மறைந்துள்ளது. 1,88,650 பேரில் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இருந்ததில்லை என்றே கூறலாம். மணல் எவரையும் விலக்கவில்லை, திண்ணை விலக்கியது. கருவி எத்துணை எளிதாயினும், அஃது இருக்கும் இடத்தின் வாயில் திறவாதவரை கல்வி பொதுவாவதில்லை என்பது இங்குப் பெறப்படும் முதற்பாடமாகும்.

ஏலாக்குறிச்சியில் எழுந்த மாற்றம்

மணலில் பழகிய கை அடுத்து ஏட்டுக்குச் சென்றது. பனையோலையைப் பதப்படுத்தி, நறுக்கி, எழுத்தாணியால் கீறி, மஞ்சளும் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தைத் துலங்கச் செய்வது ஒரு கலை. அக்கலைக்கு ஓர் எல்லையும் இருந்தது. கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால், எழுதுவோர் புள்ளியிடுவதைத் தவிர்த்தனர். தொல்காப்பியம் குற்றெழுத்தாகிய எகர ஒகரங்களுக்குப் புள்ளி பெறும் இயல்பைக் கூறியிருந்தும், ஏடுகளில் குறிலும் நெடிலும் ஒரே வடிவில் நின்றன. எரியா, ஏரியா, கொடுவா, கோடுவா என்பதை எழுத்து சொல்லாது. இடத்தை நோக்கி ஆசிரியரே சொல்ல வேண்டும். அறிந்தவர்க்கு இஃது இடர்ப்பாடன்று. புதிதாகக் கற்பவர்க்கோ ஒவ்வொரு வரியும் ஒரு தடை.

இத்தடையை நீக்கிய பெருமை இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சிக்கு உரியது. இத்தாலியில் 1680ஆம் ஆண்டு பிறந்து, தமிழகம் வந்து, வீரமாமுனிவர் என அழைக்கப்பெற்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, திருக்காவலூர் எனத் தாம் பெயரிட்டுப் போற்றிய அவ்வூரில் பல்லாண்டுகள் தங்கிப் பணிபுரிந்தார். தேம்பாவணியைப் பாடிய புலவராகவே அவர் பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் ஆசிரியர் என்னும் நிலையில் அவர் செய்த இரு பணிகள் அக்காப்பியத்தினும் அதிகமான கைகளைச் சென்றடைந்தன.

முதலாவது எழுத்துச் சீர்திருத்தம். நெடிலாகிய ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவம் தந்தும், ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து நெடிற்குறியாக்கியும், குறில் நெடில் வேறுபாட்டை அவர் கண்ணுக்குப் புலப்படச் செய்தார். ஒரு சுழி, அவ்வளவே. அச்சுழியால், ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் மாணவன் தானே படிக்க முடிந்தது. இன்று தமிழ் எழுதும் ஒவ்வொரு குழந்தையும் நாள்தோறும் பலமுறை எழுதும் குறி இது.

இரண்டாவது சதுரகராதி. அதற்கு முன் சொற்பொருளறிய நிகண்டுகளே இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவர்க்கே பயன்படுபவை. 1594ஆம் ஆண்டில் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கி ஒரு புதுவழி கண்டது. 1732ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாய், செய்யுளை விடுத்து, அகர வரிசையில் சொற்களை நிறுத்திப் பொருள் கூறிற்று. நினைவில் இல்லாததையும் தேடி எடுக்கலாம் என்னும் நிலை அதனால் உருவாயிற்று. இன்று கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தட்டித் தேடும் மாணவி, அறிந்தோ அறியாமலோ, ஏலாக்குறிச்சியில் இடப்பட்ட வழியிலேயே நடக்கிறாள்.

ஒரு நூலுக்காக ஊர் மாறிய காலம்

வீரமாமுனிவருக்குப் பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பிறகும் இவ்வட்டாரத்தில் தமிழ்க் கல்வி எந்நிலையில் இருந்தது என்பதற்குச் சிறந்த சான்று உ.வே.சாமிநாதையரின் இளமைக்காலமாகும். 1855ஆம் ஆண்டில் பிறந்த அவர், தம் கல்வியின் முதற்பகுதியை அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் ஆகிய ஊர்களிலேயே பெற்றார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, அவர் மறைந்த பின் 1950இல் நூலான 'என் சரித்திரம்' இவ்வூர்களின் கல்விநிலையைப் படம்பிடித்துக் காட்டுகிறது.

அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவையை முதலில் ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்கு ஆசிரியராயினர். யாப்பருங்கலக் காரிகையை அவர் பாடங்கேட்டது செங்கணத்திலேயே. இலக்கண நூல் ஒன்றைக் கற்க வேண்டுமாயின், அந்நூலை வைத்திருப்பவரும் அதனைச் சொல்லத் தெரிந்தவரும் ஒருவராய் வாழும் ஊரை நாடிச் செல்ல வேண்டும். மகனின் தமிழுக்காகத் தந்தை வேங்கடசுப்பையர் குடும்பத்தோடு ஊர்விட்டு ஊர் பெயர்ந்தார். இறுதியில் 1871ஆம் ஆண்டில் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவரான பின்பே அவ்வலைச்சல் ஓய்ந்தது.

இக்கதையைக் கற்போர் ஆசிரியரின் பெருமையையும் மாணவரின் பசியையும் வியந்து நின்றுவிடுகின்றனர். அவற்றின் பின்னே நிற்கும் வறுமையையும் நோக்குதல் வேண்டும். கருவி அரிதாயிருந்த காலம் அது. ஊர் மாற இயலாத தந்தைக்குப் பிறந்த மாணவர் எத்தனைபேர் அப்பசியோடே நின்றுபோயினர் என்பதை எந்தச் சரித்திரமும் கூறவில்லை. பழைய குருகுலத்தை நினைத்து ஏங்குவோர் இதனையும் சேர்த்தே நினைத்தல் கடனாகும்.

அச்சு தந்ததும் கொண்டதும்

தமிழ் அச்சேறியது மிக முன்னதாகவே. 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல். தரங்கம்பாடியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் இயங்கிற்று. எனினும் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835ஆம் ஆண்டில் மெட்காப் கொணர்ந்த சட்டத்தின் பின்பே உறுதியாயிற்று. கருவி தோன்றுவதற்கும் அது மக்களின் கையில் சேர்வதற்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு கழிந்தது கருதத்தக்கது.

அவ்வுரிமையைப் பள்ளிக்கென்றே பயன்படுத்தியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிய அவர், அடுத்த ஆண்டே அச்சகமும் நிறுவினார். வகுப்பின் படிநிலைக்கேற்ப எளிய உரைநடையில் அவர் எழுதிய பாலபாட நூல்கள், ஏட்டில் இல்லாத ஒன்றைப் பள்ளிக்குத் தந்தன: ஒரே வகுப்பில் இருக்கும் அனைவரிடமும் ஒரே பக்கம் திறந்திருக்கும் நிலை. 1864இல் சிதம்பரத்திலும் அவர் பள்ளி நிறுவினார். பின்னர்ச் சிலேட்டும் பலப்பமும் வந்தன, கரும்பலகை வந்தது. மணலின் எளிமையும் ஏட்டின் உறுதியும் சிலேட்டில் ஓரளவு சேர்ந்தன.

செங்கணத்தில் காரிகை கற்ற மாணவரே பின்னர் அச்சின் பேராளராக உயர்ந்தார். 1887இல் சீவக சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என அவர் பதிப்பித்த நூல்கள், ஒரு நூலுக்காக ஊர் மாற வேண்டிய தேவையைப் பிறர்க்கு இல்லாமற் செய்தன. தாம் பட்ட துன்பத்தைப் பிறர் படாதவாறு செய்த அறம் எனவும் இதனைக் கூறலாம்.

எனினும் அச்சு ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கொண்டது. திண்ணைப் பள்ளியில் மாலையில் வீடு திரும்புமுன் ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் எனச் சொல்லி, மறுநாள் காலையில் அதனைக் கேட்கும் வழக்கம் இருந்ததை உ.வே.சா. பதிவு செய்துள்ளார். நினைவுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அது. செய்யுளை முறை சொல்லி, ஓசையால் சீர் பிரித்து, செவியால் தளை அறிந்த காலமும் அச்சின் வருகையால் மெல்லக் கழிந்தது. கண் செவியின் இடத்தைப் பற்றிக்கொண்டது. யாப்பைக் கணக்காகக் கற்று ஓசையாக அறியாத தலைமுறைகள் உருவானமை கவிஞர்கள் நன்கறிந்த இழப்பாகும்.

வானில் வந்த பாடம்

இழந்த செவியை மீட்டுத் தரும் வாய்ப்போடு வந்தது வானொலி. சென்னை மாநகராட்சி 1930ஆம் ஆண்டில் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே, பள்ளி நாள்களின் மாலைவேளையில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கென இசைப்பாடமும் கதையும் ஒலிபரப்பிற்று. 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியது. அன்று திருச்சி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்த பெரம்பலூர், அரியலூர் ஊர்களுக்குத் தூய தமிழ்ப்பேச்சும் இசையும் நாடகமும் அந்நிலையத்தின் வழியே வந்து சேர்ந்தன.

ஆயினும் வானொலி தன் நேரத்தில் பேசியது. பள்ளி தன் நேரத்தில் இயங்கியது. கேட்கும் மாணவன் இடைமறித்து வினவ இயலாது. ஆசிரியர் நிறுத்தி விளக்க இயலாது. பின்வந்த தொலைக்காட்சிக்கும் இக்குறை இருந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களின் 2,400 ஊர்களில் நடைபெற்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனை உலகின் கவனத்தை ஈர்த்தது. தமிழகம் அந்த ஆறில் இடம்பெறவில்லை. 1984 முதல் பல்கலைக்கழக மானியக்குழு ஒளிபரப்பிய நாடுதழுவிய வகுப்பறை நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் அமைந்தன. சிற்றூர் மாணவர்க்கு ஒளி வந்தது, மொழி வரவில்லை.

எளிய கருவிகளின் வெற்றி

இதே காலப்பகுதியில் கல்வியை மெய்யாகவே அசைத்த கருவிகள் சில, தொழில்நுட்பம் என்று எண்ணப்படாதவை. 1991ஆம் ஆண்டில் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பரவியபோது, பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி ஓட்டக் கற்றனர். எழுத்தறிவும் மிதிவண்டியும் அங்கு ஒன்றையொன்று தாங்கின. 2001க்குப் பின் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கி, பின்னர் மேல்நிலை வகுப்பு மாணவர் பிறர்க்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம், உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருந்த காரணத்தாலேயே கல்வியை நிறுத்திய பெண்களுக்கு வழியைச் சுருக்கிற்று. மானாவாரி நிலமும் சிதறிய ஊர்களும் கொண்ட பெரம்பலூர்ப் பகுதிக்கு இதன் அருமை விளக்காமலே விளங்கும்.

வகுப்பறைக்குள்ளும் இத்தகைய மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவைத் தழுவி, 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சித் தொடக்கப்பள்ளிகளில் புகுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. அட்டைகள், படிநிலை ஏணி, தரையில் அமரும் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரையொட்டி ஓடும் தாழ்ந்த கரும்பலகை ஆகியவையே அதன் கருவிகள். ஆசிரியர் மட்டும் எழுதிய பலகை குழந்தையின் கைக்கு இறங்கி வந்தது. மணலில் எழுதிய விரலுக்குச் சுண்ணக்கட்டி கிடைத்தது எனலாம். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டிய பள்ளிகளில் இதனை நிறைவாக நடத்துவது எளிதாயிருக்கவில்லை; எனினும் அதன் திசை சரியானதே.

கணிப்பொறி தமிழ் கற்றது

கணிப்பொறி இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது 1984ஆம் ஆண்டளவில். நடுவண் அரசின் திட்டத்தின்கீழ் தெரிந்தெடுக்கப்பட்ட சில நூறு பள்ளிகளில் அது வைக்கப்பட்டது. ஆங்கிலம் அறியாதவர்க்கு அது பூட்டிய பெட்டியாகவே இருந்தது. அப்பூட்டைத் திறக்கும் முயற்சிக்கு முன்னோட்டமாக மற்றோர் எழுத்துச் சீர்திருத்தம் அமைந்தது. 1935 முதல் பெரியார் வலியுறுத்திவந்த எழுத்துமாற்றம், 1978 அக்டோபரில் தமிழக அரசின் ஆணையாயிற்று. ணா, றா, னா முதலான 13 எழுத்துகள் தனிவடிவம் நீங்கிப் பொதுக்குறியோடு இயைந்தன. குழந்தைக்கு நினைவுச்சுமை குறைந்தது. தட்டெழுத்துக்கும் அச்சுக்கும் கணிப்பொறிக்கும் வழி எளிதாயிற்று. ஏலாக்குறிச்சியில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகவே இதனைக் கொள்ளுதல் தகும்.

1990களில் தமிழ் கணிப்பொறியில் ஏறியபோது, ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியீட்டைக் கையாண்டமையால், ஓரிடத்தில் தட்டியது மற்றோரிடத்தில் பொருளற்ற கோடுகளாய்த் தெரிந்தது. புள்ளியில்லா ஏட்டின் குழப்பம் புதிய வடிவில் மீண்டது. சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா.கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றும் பணியில் முன்னோடியாக நின்றார். 1998ஆம் ஆண்டுப் பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழர்களின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி விலையின்றி வழங்கலாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பின் விசைப்பலகைக்கும் குறியீட்டுக்கும் பொதுத்தரம் வகுக்கப்பட்டது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அது பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயர் பெற்றது. காரிகைக்காகச் செங்கணம் சென்ற காலம் போய், காரிகையே கற்பவரின் வீட்டுக்கு வரும் காலம் பிறந்தது.

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அடுத்துவந்த ஆண்டுகளில் பல இலட்சம் மாணவர்களின் வீட்டில் முதல் கணிப்பொறியை வைத்தது. கருவி மாணவரின் கைக்கு வந்ததில் இது பெரும்படி. ஆயினும் அது கிடைத்தது மேல்நிலை வகுப்பில். எழுத்தும் எண்ணும் அறியும் தொடக்க வயதில் அன்று. கருவியோடு அதனைக் கொண்டு கற்பிக்கும் பயிற்சியும் சென்ற பள்ளிகளில் அது கல்வியாயிற்று. செல்லாதவிடத்து உடைமையாக நின்றது.

திரைமுன் தனித்திருந்த குழந்தை

2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியால் அக்கட்டத்தை நோக்கினால் பாடத்தின் காணொளியோ பாடலோ திறக்கும். 2019 ஆகஸ்டு 26ஆம் நாள் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இவை பள்ளிக்குத் துணையாக எண்ணப்பட்டவை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, துணைகளே பள்ளியாக வேண்டிய நிலை நேர்ந்தது. தொடக்க, நடுநிலை வகுப்புகளின் குழந்தைகள் 2021 நவம்பர் வரை வகுப்பறையைக் காணவில்லை.

முந்நூறு ஆண்டு வரலாறு சொல்லிவந்த உண்மையை அந்த இருபது மாதங்கள் ஒருசேர எடுத்துக்காட்டின. வீட்டுக்கொரு கைப்பேசி இருப்பினும், அது பகலில் வேலைக்குச் சென்ற தந்தையோடு சென்றது. இரு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு பிள்ளை காத்திருந்தது. 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடாகவும், அரியலூரில் 71 விழுக்காடாகவும், மாநில அளவில் 80 விழுக்காடாகவும் இருந்ததை எண்ணினால், திரையில் கண்ட பாடத்தை வீட்டில் விளக்கப் பெற்றோர் இல்லாத குழந்தைகள் எத்தனை பேர் என்பது விளங்கும். சேர்ந்து முறை சொல்லும் தோழரும் இல்லை. பிழையைக் கண்டு தடவித் திருத்தும் கையும் இல்லை.

இவ்விழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மேற்கொண்ட வழி கவனத்திற்குரியது. மேலும் ஒரு திரையை அது அனுப்பவில்லை. உள்ளூர்த் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலைவேளையில் தெருவிலும் திண்ணையிலும் மரத்தடியிலும் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். திண்ணை மீண்டது, ஆனால் இம்முறை விலக்கும் திண்ணையாக அன்று. 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பாடலையும் கதையையும் விளையாட்டையும் கைவினைக் கருவிகளையும் தொடக்க வகுப்புகளுக்குக் கொணர்ந்தது. 2023 ஜூலையில் பள்ளிக்கல்வித்துறை வெளியிட்ட கல்விக் காணொளிச் செயலிக்கு 'மணற்கேணி' என்று பெயரிடப்பட்டது. தோண்டத் தோண்ட நீர் சுரக்கும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாக்கியவர் வள்ளுவர். கேணி எத்துணை நல்லதாயினும் தோண்டும் கை வேண்டும் என்பது அவ்வுவமையின் உள்ளீடு.

நிறைவாக

மணல், ஏடு, கொம்பின் சுழி, அகரவரிசை, அச்சு, வானொலி, மிதிவண்டி, அட்டை, கணிப்பொறி, திரை என இவ்வட்டாரத்தைக் கடந்துசென்ற கருவிகளை ஒப்பிட்டு நோக்கினால், புதுமையோ விலையோ வெற்றியை உறுதிசெய்யவில்லை என்பது தெளிவாகும். வெற்றிபெற்ற கருவிகள் மூன்று இயல்புகளை உடையன: கற்பவரின் கைக்கு எட்டின, கற்பவரின் மொழியில் பேசின, அருகில் ஓர் ஆசிரியரின் குரலையோ தோழரின் குரலையோ கொண்டிருந்தன. இம்மூன்றனுள் ஒன்று குறைந்தாலும் கருவி அணியாக நிற்குமேயன்றிப் பயனாக விளையாது. இனி வரவிருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் இவ்வளவுகோலால் அளந்தே ஏற்றல் வேண்டும்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இலக்கிய வட்டத்திற்கு இவ்வரலாற்றில் ஒரு கடமை காத்திருக்கிறது. அச்சு கொண்டுபோன ஓசையைத் திருப்பித் தரும் ஆற்றல் இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. பாடநூற் செய்யுள்களை ஓசைநலம் குன்றாமல் கவிஞர்கள் சொல்லிப் பதிவுசெய்து அருகிலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கு வழங்கினால், குழந்தைகள் யாப்பைச் செவியால் மீண்டும் கற்பர். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இம்மண்ணின் உழவுச் சொற்களையும், ஏரி, ஓடை, புல், பூச்சி, பறவைப் பெயர்களையும் மாணவர்களைக்கொண்டே திரட்டி அகரவரிசைப்படுத்தினால், அது சதுரகராதி பிறந்த மண்ணுக்கு ஏற்ற கைம்மாறாகும். பழைய வீடுகளின் பரண்களில் கிடக்கும் சுவடிகளைப் படமெடுத்துக் காப்பது மற்றொரு பணி.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. மாதம் ஒரு மாலைப்பொழுதும், பள்ளிக்குச் சென்று குழந்தைகளின் நடுவே தரையில் அமரும் மனமும் போதும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு அமர்ந்ததும் அவ்வாறே, செங்கணத்தில் உ.வே.சா. அமர்ந்ததும் அவ்வாறே. கருவி எதுவாயினும் கல்வி தொடங்குவது அந்த அமர்தலில்தான்.